பதினோராவது கட்டைவிரல்

பிரின்சி என்ற பெயரைப் பஞ்சம்மாள் முதன்முதலாகக் கேட்டது மாட்டுக்கொட்டத்தில். சின்னமனூரில் இரண்டு ஏக்கர் வாழை இருந்தும் மம்பட்டிக் காம்பைத் தொடாத மகன் சுரேஷ்கண்ணன், அன்றைக்குத் தானாக எருக்குழியில் இறங்கிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தான்.

"ஏலே, யாருக்குடா இம்புட்டு எரு?"

"காலேஜ் தோட்டத்துக்கும்மா. பிரின்சி அக்கா கேட்டாக."

வெயிலில் வேகாமல் பேங்கில் உட்காரட்டும் என்று தேனிப் பக்கம் பி.காம். சேர்த்துவிட்டால், அங்கே போய்ப் பாத்தி கட்டுகிறான். பஞ்சம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் அந்தப் பிள்ளை என்று விசாரித்தாள். போடி கடைவீதி இரும்புக்கடை ஜேசுராஜின் மூத்த மகள். பஞ்சம்மாள் கல்யாணத்துக்கு அரிவாள்மணை வாங்கியதே அந்தக் கடையில்தான். ஜேசுராஜின் தங்கையைக்கூட ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அந்த வம்சத்தில் ஒரு கீரைத்தண்டு ஊன்றியவர் கிடையாது.

பிரின்சிதான் தோட்டத்துக்குத் தலைவி. பிள்ளைகள் பதினோரு பேர். முதல் வருசம் காய்த்த கத்தரிக்காயை ஒருவன் கமுக்கமாகப் பறித்து அக்கா வளைகாப்புக்குக் கொண்டுபோய்விட்டான். பெரிய சண்டை. அன்றைக்கு பிரின்சி ஒரு சட்டம் போட்டாள்: வாட்ஸ்அப் குரூப்பில் பதினோரு பேரும் கட்டைவிரல் காட்டினால்தான் காயில் கை வைக்கலாம்.

இதற்கிடையில் காலேஜ் கரஸ்பாண்டண்டுக்கு அந்தத் தோட்டத்து இடத்தின்மேல் கண். "பொங்கல் விழாவுக்கு ஹாஸ்டல் சாம்பார் உங்க தோட்டத்துக் காயில வரணும். இல்லாட்டி அங்கன பைக் ஸ்டாண்டு" என்று சொல்லிவிட்டார்.

விழா திங்கட்கிழமை. சுரேஷ்கண்ணன் வியாழக்கிழமையே காய்ச்சல் என்று ஊருக்கு வந்து கவிழ்ந்துவிட்டான். எரு தருவதாக அவன் சொன்ன சொல் போகக்கூடாதே என்று எருவைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பஞ்சம்மாளே திங்கட்கிழமை காலையில் போய் இறங்கினாள். வெண்டை காய்த்துத் தொங்குகிறது. வரப்பில் பிரின்சி போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏ ஆத்தா, காயைப் பறிக்காம என்ன பாத்துக்கிட்டிருக்க?"

"ஒரு ஆள் இன்னும் கட்டைவிரல் போடலம்மா. வெள்ளிக்கிழமையே கேட்டேன்."

"எந்த மூதேவி அது?"

பிரின்சி தயங்கினாள். "சுரேஷ்கண்ணன்."

பஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அவனைப் பெத்த ஆத்தா நான் சொல்றேன். பறி!"

"நீங்க குரூப்ல இல்லையேம்மா."

கை நீட்டிப் பறிக்கப் போனவளின் கையை பிரின்சி பிடித்துக்கொண்டாள். இரும்புக்கடைக்காரன் பெற்ற பிள்ளை. பிடியும் இரும்பாகத்தான் இருந்தது. மகனுக்குப் போன் போட்டால் அணைத்துவைத்திருக்கிறான். பக்கத்து வீட்டு ராக்கையாவைக் கூப்பிட்டாள்.

"யண்ணே, எங்க வீட்டுக்குள்ள போயி அந்தத் தடிமாட்டு மூஞ்சியில தண்ணியை ஊத்துங்க. எந்திரிச்சதும் போன்ல கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்க."

"எதுக்கு ஆத்தா?"

"வெண்டைக்காய் பறிக்க!"

ராக்கையா சிரித்த சிரிப்பு குட்டியானைக்காரனுக்கே கேட்டது.

ஒருவழியாகக் கட்டைவிரல் வந்தது. பறித்தார்கள். நுனியை ஒடித்தால் ஒடியவில்லை, நாராக மடங்கியது. மூன்று நாளில் வெண்டை விறகாகிவிடும் என்பது யாருக்குத் தெரியாது? சமையல்கார முருகம்மாள் ஒரு காயை எடுத்துப் பாத்திரத்தில் தட்டிக் காட்டினாள். "இதை வச்சு மேளந்தான் அடிக்கலாம். நான் மார்க்கெட் காயை நறுக்கிட்டேன், போங்க."

பஞ்சம்மாளைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிரின்சி உட்காரவைத்தாள். எதிர்ப்பந்தியில் கரஸ்பாண்டண்ட். ஒரு வாய் சாம்பார் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லையே, தோட்டத்துக் காய் பிஞ்சா இருக்கே" என்றார்.

அப்பாடா, தப்பித்தது என்று பஞ்சம்மாள் அடுத்த கவளத்தை உருட்டினாள். கையில் மோர் வாளியோடு நின்ற பிரின்சி வாயைத் திறந்தாள்.

"அது மார்க்கெட் காய், சார். எங்க காய் முத்திப்போச்சு."

"அடி கூறுகெட்டவளே" என்று பஞ்சம்மாள் இலையைப் பார்த்துச் சொன்னாள். "வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்டு சும்மா நிக்கக்கூடாதா?"

"கேட்டாரேம்மா."

"எங்கடி கேட்டாக? நல்லாருக்குன்னுதான சொன்னாக!"

தை முடிவதற்குள் வெண்டை நின்ற இடத்தில் பைக்குகள் நின்றன. வேறு இடம் கேட்கலாமா என்று பிரின்சி அன்றைக்கே குரூப்பில் போட்டாள். இன்றுவரை பத்துக் கட்டைவிரல்தான் வந்திருக்கிறது.

படிப்பு முடிந்து பிரின்சி இப்போது போடியில், அப்பாவின் இரும்புக்கடையில் இருக்கிறாள்.