மாவு மாதிரி மண்

மரியசூசை உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்கூட, சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கியதும் மெல்ல வெளியே வந்து கோயில் வேப்பமரத்தடியில் நின்றுகொள்வார். பாப்பிரெட்டிப்பட்டி டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் நின்றபடியேதான் குடிப்பார். லாரியில் பிடித்த வியாதி என்பார் அவர் மனைவி ஜெயராணி. பல வருடம் பெங்களூருக்கும் பூனாவுக்கும் சரக்கு ஓட்டியவர். நின்ற வண்டி நஷ்டம் என்று முதலாளிகள் ஓதி ஓதி, சும்மா நிற்கிற என்ஜினைப் பார்த்தாலே அவருக்குப் பொறுக்காது.

லாரியை விட்டு ஊருக்கு வந்ததும் பழைய டிராக்டர் ஒன்றும், மண்ணைப் பொடியாக்குகிற ரோட்டவேட்டரும் வாங்கினார். அடுத்தவர் கூப்பிட்டால் அங்கே ஓடும். கூப்பிடாத நாளில் சொந்த நிலத்தில் ஓடும். ஒரு தடவை ஓட்டினால் போதும் என்கிற இடத்தில் மூன்று தடவை ஓட்டுவார். மழை விட்ட மறுநாள், காலில் சேறு ஒட்டும்போதே டிராக்டரை இறக்கிவிடுவார். அவர் மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் மாவாக வழியும். ஊரில் அந்தப் பேர் அவருக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டார்.

அவர் போட்ட குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளிதான், அந்தப் பேரைக் காப்பாற்றவில்லை. இரண்டு அறுவடையாகப் பிடுங்கிப் பார்த்தால், கிழங்கு ஒரு சாண் இறங்கி, அங்கே எதிலோ முட்டி, முழங்கை மடங்கினாற்போல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றும் வியாபாரி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். அன்றைக்கே ஜெயராணி முடிவாகச் சொல்லிவிட்டார்: வரப்போகிற நடவும் இப்படியே மடங்கினால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மகள் ஜெனிஷா வேலை பார்க்கும் திருப்பூருக்கே போய்விட வேண்டியதுதான். அவள் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதாம். நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வேலை. நினைத்தாலே மரியசூசைக்கு முதுகு அரித்தது.

கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த வாரத்தில், உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்திலிருந்து மண்ணை அளக்கக் கவிப்பிரியா வரப்போவதாகச் செய்தி வந்தது. ஏரியூர்ப் பக்கத்துப் பெண். அவள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைச் சேற்றில் இறங்கும்போதுகூடக் கழற்ற மாட்டாள். அவளுடைய வண்டியின் பின்னால் கூர்முனைக் கம்பி ஒன்று இருக்கும். மோட்டார் அதை மண்ணுக்குள் அழுத்த, எந்த ஆழத்தில் மண் எவ்வளவு எதிர்க்கிறது என்று சென்சார் அளக்கும். டேப்லெட்டில் நிலத்தின் படம் நிறம் நிறமாக விரியும். பச்சை என்றால் வேர் தாராளமாக இறங்கும். சிவப்பு என்றால் அடியில் மண் இறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். சிவப்பு விழுந்த நிலத்துக்கு மட்டும் நிறுவனத்தின் உளிக்கலப்பை வந்து அடிமண்ணை ஆழமாகக் கீறிவிட்டுப் போகும். சனிக்கிழமை வரைதான் அது இந்த ஊரில். பிறகு சித்தேரி மலை அடிவாரத்துக்குப் போய்விடும்.

எல்லார் படத்தையும் நிறுவனத்தின் கூட்டத்தில் பெரிய திரையில் போடுவார்கள் என்று பக்கத்து நிலத்துக்காரன் மாது கிளப்பிவிட்டதுதான் வினை. மரியசூசை, சர்க்கரை டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் பட்டினி கிடந்து டாக்டரிடம் நல்ல பேர் வாங்குகிறவர். அதே புத்தி இங்கேயும் வேலை செய்தது. அவள் வருவதற்கு முந்தின நாள் போர் மோட்டாரைப் போட்டு நிலம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்சினார்.

கம்பி களியில் இறங்குவதுபோல் இறங்கியது. அதில் அப்பிய சேற்றை வழித்துப் பார்த்தாள் கவிப்பிரியா.

“தண்ணி கட்னீங்களாண்ணா?”

“இல்ல கண்ணு. நம்ம பக்கம் மழை கொஞ்சம் ஜாஸ்தி.”

அவள் ஒரு நொடி அவர் முகத்தைப் பார்த்தாள். வயதில் பெரியவரிடம் அதற்குமேல் எப்படிக் கேட்பது? அடுத்த இடத்துக்கு வண்டியை நகர்த்தினாள்.

கூட்டத்தில் அவருடைய படம் நாற்றங்கால் மாதிரிப் பச்சையாக இருந்தது. மாதுவின் படம் ரத்தச் சிவப்பு. மாதுவால் வாயைத் திறக்க முடியவில்லை. மரியசூசைக்கு அந்த ஒரு சாயங்காலம் இனித்தது.

மறுநாள் உளிக்கலப்பை மாதுவின் நிலத்தில் இறங்கியதை வரப்பில் நின்று பார்த்தார். அடியிலிருந்து மண் பலகை பலகையாகப் பெயர்ந்து வந்தது. மாதுவின் நிலத்தையும் இத்தனை வருடம் ஓட்டியது இவருடைய ரோட்டவேட்டர்தான். ஒரு தடவை ஓட்டிய மண்ணே இப்படியென்றால், மூன்று தடவை ஓட்டியது? கடப்பாரையை எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஏறாத மேட்டு மூலைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தார். ஒரு சாணில் நின்றது. தோள்பட்டை வரைக்கும் அதிர்ந்தது.

அதன்பின் கால் தரிக்கவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி போனார். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்தார். ஜெயராணி தட்டை நகர்த்திவைத்து, என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினார்.

“மாதுகிட்ட நல்ல பேரு வாங்கறதுக்கா காட்டுக்குத் தண்ணி கட்னீங்க?” என்றார் ஜெயராணி. “சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் அப்பறமாப் பண்ணிக்கலாம். மொதல்ல அந்தப் புள்ளகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

கவிப்பிரியா ஊர்க்கோடியில், உளிக்கலப்பை ஓட்டும் சென்றாயனோடு பேசிக்கொண்டிருந்தாள். மரியசூசை மொபெட்டிலிருந்து இறங்காமல், ஓடுகிற என்ஜினோடு, விறுவிறுவென்று சொல்லி முடித்தார்.

“வண்டிய ஆஃப் பண்ணுங்கண்ணா. ஒன்னும் கேக்கல.”

அணைத்தார். அந்த அமைதியில், சென்றாயன் காதிலும் விழ, முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் கோபப்படவில்லை. ஈர மண்ணில் உளிக்கலப்பை அடியைப் பிளக்காது, வெறுமனே கிழித்துக்கொண்டு போகும். சக்கரம் ஏறினால் அடி இன்னும் இறுகும் என்றாள். ஈரத்தில் ரோட்டவேட்டரை ஓட்டி ஓட்டித்தான் அடிமண் அப்படி இறுகியது என்பதையும், தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமைக்குள் காய்ந்தால் மறுபடி அளக்கலாம். அதுவரை டிராக்டர் இறங்கவே கூடாது.

“அதுவரைக்கும் நான் என்ன கண்ணு பண்றது?”

“சும்மா இருங்கண்ணா. அதான் வேலை.”

டிராக்டர் சாவியை ஜெயராணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். மரியசூசை வரப்பிலேயே நடந்தார். சித்தேரிப் பக்கம் மேகம் ஏறினால் நின்று முறைத்தார். வெயில் சுள்ளென்று விழுந்தால் மறுபடி நடந்தார். ஓடாத டிராக்டரை இரண்டு தடவை கழுவினார்.

மழை வரவில்லை. சனிக்கிழமை காலையில் மண் பதத்துக்கு வந்திருந்தது. கம்பி ஒரு சாண் இறங்கியதும் மோட்டார் முனகியது. டேப்லெட்டில் சிவப்பு. அடுத்த இடத்திலும் சிவப்பு. வேடிக்கை பார்க்க வந்த மாதுவுக்கு வாய் திறந்துகொண்டது.

“என்னண்ணா, மாவுக்கு அடியில தோசக்கல்லு வெச்சிருக்கீங்க?”

“ரெண்டு காட்டுக்கும் ஒரே கல்லுதான்டா,” என்றார் மரியசூசை.

மதியத்துக்குள் சென்றாயன் கீறிவிட்டுப் போனான். மாவு மண் போன இடம் தெரியவில்லை. தலை தலையாகக் கட்டிகள் கிடந்தன. வழியில் போகிறவர்களெல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். மரியசூசையால் தாங்க முடியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாவிக்குக் கையை நீட்டினார்.

“ஒரே ஒரு தடவ ஓட்டிட்டு வந்தர்றேன்.”

ஜெயராணி முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினார்.

“கட்டிய மழை வந்து ஒடைக்கட்டும். திருப்பூர்ல அந்த நாற்காலி இன்னும் காலியாத்தான் இருக்குதாம்.”

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திரும்பினார். வரப்பில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். சித்தேரிப் பக்கம் இடி உருண்டது. மறுபடி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, கட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.