நீலம் போகாத கழுத்து

தொலைக்காட்சியில் இத்தாலி ஆட்டம். கோலுக்குள் போகவிருந்த பந்தை நீலச்சட்டைக்காரர் ஒருவர் விழுந்து தடுத்தார். கோலே அடித்துவிட்டதுபோல மற்றவர்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் வருடா வருடம் கப் ஆட்டம் நடக்கும். அந்த முறை சமநிலையானாலே போதும், முந்தின வருடம் வென்ற எங்கள் கீழ் டிவிஷனிலேயே கப் இருக்கும். அப்பாதான் தடுப்பாட்டக்காரர். இத்தாலி அணிபோல இருக்க வேண்டுமென்று வெள்ளை பனியன்களை அம்மா சொட்டு நீலத்தில் முக்கித் தந்தாள்.

"கோல் போடாம என்னங்க வெளாட்டு?"

"கதவச் சாத்திட்டா போதும்டி. இத்தாலிக்காரன் அப்படித்தான் கப்பு எடுத்தான்."

பாதி ஆட்டத்தில் மழை பிடித்தது. நீலம் கரைந்து ஒழுக, மேல் டிவிஷன்காரர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். பந்து எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு பந்தும் அப்பாவைத் தாண்டவில்லை.

மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு கேட்டாராம்: "என்னய்யா, கிருஷ்ணர் வேஷமா?"

"இத்தாலிங்க," என்றாராம் அப்பா.

ஒரு வாரம் அவர் கழுத்து நீலமாகவே இருந்தது. "தேச்சுக் குளிச்சாத்தானே போகும்," என்று அம்மா என்னிடம் சிரித்தாள்.

"கோலே இல்லம்மா, மாத்தவா?" என்று ரிமோட்டை எடுக்கப் போனாள் மகள்.

"தொட்டுப் பாரு!" என்றேன்.