ஆட்சேபக் கடிதத்தில் மூன்றாவது காரணம்

நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தால் நான் உடனே பிரிக்க மாட்டேன். முதலில் ஒரு குவளை தண்ணீர் குடிப்பேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். மலாய்க் கடிதம் பாதிதான் புரியும். புரியாத பாதியில்தான் ஆபத்து இருப்பதாகத் தோன்றும். அந்தத் தடவை புரிந்த பாதியே போதுமாக இருந்தது. வீட்டை மறுமதிப்பீடு செய்திருக்கிறார்கள், வரி ஏறப்போகிறது, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம்.

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருடம் முடிந்திருந்தது. சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். வலது கை மடங்கியபடி நின்றுவிட்டது. கையைவிடப் பேச்சுதான் கொடுமை. சொல் வாய்வரை வரும், வெளியே வராது. செனாய் தொழிற்சாலைக் கேண்டீனில் நான் வாங்கும் சம்பளத்தில்தான் வீடு ஓடியது.

சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். என் முன்னால் அவர் வாசிக்கவே மாட்டார். நானும் சும்மா இருக்க மாட்டேன். அவர் தடுமாறுவதற்குள் பதறிப்போய்ச் சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

தம்போய் வட்டாரத்தில் எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபத்தை ஒட்டிக் கழகத்தின் நூலகம் இருந்தது. நூலகம் என்றால் ஓர் அறைதான். தமிழுக்கு ஒரே ஒரு தட்டு, அதில் பாதி சிறுவர் கதைகள். மதியத்தில் அவர் அங்கே போவார். பேப்பர் பார்க்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மழை வருகிற மாதிரி இருக்கவே குடை கொடுக்கப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே அவர் குரல் கேட்டது. கிணற்றில் விழுந்த ஆட்டைப் பற்றிய கதையை வாசித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருந்த யாருக்கும் தமிழ் தெரியாது. இரண்டு மலாய் மாணவிகள் வீட்டுப்பாடம் எழுதினார்கள். நூலகத்து அக்கா, அவரும் மலாய்க்காரர், புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார். இவர் தப்பாகச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு சொல்லை நாலு தடவை உடைத்து, ஐந்தாவது தடவை முழுசாகச் சொன்னார். குடையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு நான் திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நாளில் வீட்டிலும் பேச்சு எட்டிப்பார்த்தது. ஒரு இரவு ரசத்தை வாயில் வைத்தவர், ஐயோ என்கிற மாதிரி, "அலமாக்... உ... உப்பு!" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

"உப்புக்கா... அழுவே?" என்றார்.

இந்த நேரத்தில்தான் வரிக் கடிதம் வந்தது. எங்கள் வரிசைக் கடைசி வீட்டு அண்ணன் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர். எல்லார் சார்பிலும் ஒரே ஆட்சேபக் கடிதம் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். மலாயில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னார்.

"மொதல் காரணம், சாக்கடை அடைச்சிக் கெடக்கு. ரெண்டாவது, ரோடு பூரா குழி. மூணாவது, லைப்ரரின்னு ஒன்னு தொறந்து வச்சிருக்காங்க, ஒரு ஆளும் போறதில்ல, நம்ம வரிக்காசு வீணாப் போவுது."

"எங்க வீட்டுக்காரரு போறாருண்ணே."

"ஒரு ஆளு போனா அது கணக்காம்மா? காரணம் கனமா இருந்தாத்தான் கொறைப்பான். நீ கையெழுத்துப் போடாட்டி ஒன் வீட்டுக்கு மட்டும் ஏத்துவான் லா. பரவால்லயா?"

அந்தக் கடைசிப் பேச்சு என்னைப் பிடித்துக்கொண்டது. போட்டேன்.

பயந்த அளவுக்கு வரி ஏறவில்லை. அண்ணன் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் கொடுத்தார், நானும் குடித்தேன். சில மாதம் கழித்து நூலகக் கதவில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

மூடுகிற நாளன்று அவரோடு நானும் போனேன். ஏன் மூடுகிறார்கள் என்று கேட்டேன். அக்கா மலாயில் சொன்னார். வருடா வருடம் வீட்டு வரியில் ஒரு பங்கை நூலகங்களுக்கென்றே ஒதுக்குவார்கள். இந்த மின்விசிறி, பத்திரிகை, தன் சம்பளம் எல்லாம் அதில்தான். இனி இந்த அறைக்கு அது கிடையாது. "இங்க குடியிருக்கிறவங்களே வேணாம்னு எழுதிட்டாங்களே, காக்," என்று, என்னையும் மலாயில் அக்கா என்றே அழைத்து, எங்கள் கடிதத்தின் நகலை மேசையில் வைத்தார்.

கணவர் குனிந்தார். இடது கை விரல் வீட்டு எண்கள் மேல் மெல்ல இறங்கி, எங்கள் எண்ணில் நின்றது. பக்கத்தில் என் கையெழுத்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் சொல்ல முயன்றேன். பயந்துட்டேங்க, அண்ணன் சொன்னாரு, ஒங்க மருந்துச் செலவு... அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

மறு வாரம் கழக அலுவலகத்துக்குப் போனேன். கூடுதல் வரியை நான் கட்டுகிறேன், நூலகத்துக்குச் சேருமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கொறைக்கத்தான் ஃபாரம் இருக்கு, காக். கூட்டிக் கட்டறதுக்கு இல்ல."

நகரத்து நூலகத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். அவரால் முடியாது. கதைப் புத்தகங்கள் வாங்கி வைத்தேன். வீட்டை விட்டு வெளியே போய் நின்றும் பார்த்தேன். அவர் பிரிக்கவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. சோறு போட்டால் சாப்பிடுகிறார், தலையாட்டுகிறார். சொற்கள்தான் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

போன வாரம் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் மேசையைத் தட்டும் சத்தம் கேட்டது. என்னைத்தான் கூப்பிடுகிறார். குழாயை மூடிவிட்டு அசையாமல் நின்றேன், வாயைத் திறந்து ஒரு தடவை கூப்பிட்டுவிட மாட்டாரா என்று.

மறுபடியும் தட்டினார்.