ஒல்லாந்து வீட்டுக் கலண்டர்

எட்டாம் வகுப்பில் படிக்கும்போது ஒல்லாந்து தேசத்தில் ஒரு குடும்பத்தோடு இரண்டு கிழமை தங்கிப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளி, அழுது வாங்கிய வாய்ப்பு அது. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் இருந்த எங்கள் பள்ளிக்கூடத்துக்கும் எல்லைக்கு அப்பால் இருந்த ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் ஓர் ஏற்பாடு இருந்தது. இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போய்த் தங்கும். வசந்த காலத்தில் அந்த வீட்டுப் பிள்ளை இங்கே வந்து தங்கும். முன்பின் தெரியாத வீட்டில் பெண்பிள்ளையை விடுவதா என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். அப்பாதான் பள்ளிக்கூடக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்கட யாழ்ப்பாணக் கோட்டையை நூற்றுச் சொச்சம் வருசம் பிடிச்சு வைச்சிருந்த ஆக்கள். இவளை ரெண்டு கிழமை வைச்சுப் பாக்கட்டும். அப்ப தெரியும் அவைக்கு."

அப்படித்தான் ஒரு ஒக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை நான் ஒல்லாந்துக்குப் போனேன்.

அந்த வீட்டில் ஓர் அம்மா, ஓர் அப்பா, என் வயதில் ஒரு மகள். எல்லையோரம் என்பதால் எல்லோருக்கும் ஓரளவு ஜெர்மன் வரும். மூவரும் மரம் மாதிரி உயரம். வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை கிடையாது. தெருவால் போகிறவர்கள் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். காலைச் சாப்பாட்டுக்குப் பாணில் பட்டர் பூசி, அதன் மேல் சொக்கலேட் தூளைக் கொட்டித் தந்தார்கள். கேக்குக்கு மேலே தூவுகிற அதே தூள்தான். இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லவே இல்லை, சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்பியிருப்பார். மத்தியானமும் பாண். பின்னேரம் சரியாக ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு. தேத்தண்ணீர் தரும்போது பிஸ்கட் பேணியைத் திறந்து நீட்டுவார்கள். ஒன்று எடுத்ததும் மூடி போட்டுவிடுவார்கள். முதல் நாள் நான் எங்கள் வீட்டு வழக்கப்படி "வேண்டாம்" என்றேன். இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவார்கள், அப்புறம் எடுக்கலாம் என்று காத்திருந்தேன். பேணி அலுமாரிக்குள் போய்விட்டது. அடுத்த நாள் அவர்கள் நீட்டி முடிக்குமுன்பே எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போக வேண்டும். எனக்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்றாலும், அந்த ஊர்க் காற்றில் ஓடுவதற்கு அது போதாது. இரண்டாம் நாளே ஒரு வேலிக்குள் போய் விழுந்தேன். அதன் பிறகு அந்த வீட்டு மகள் என்னைத் தன் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, மழையிலும் காற்றிலும் நாலு கிலோமீற்றர் மிதித்தாள். ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. மிதிக்கும்போது தமிழில் எண்ணச் சொல்லித்தா என்று கேட்டாள். "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றாக எண்ணிக்கொண்டே போவோம். ஏழில் அவளுக்கு எப்போதும் நாக்குச் சுளுக்கும். வசந்தத்தில் எங்கள் வீட்டுக்கு வரும்போது நூறு வரைக்கும் எண்ணுவேன் என்று சபதம் செய்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது அவளின் அம்மா என் பிறந்தநாள் எப்போது என்று கேட்டார். அந்த மாதக் கடைசியில் என்றேன். முழுப்பெயரை எப்படி எழுதுவது என்றும் கேட்டார். என் பெயர் சற்று நீளம். ஜெர்மன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் அதைப் பாதியில் வெட்டி, மிச்சத்தையும் பிழையாக எழுதுவார்கள். இந்தப் பெண்மணி ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டு, ஒரு கடதாசித் துண்டில் குறித்து, சரிதானா என்று எனக்கே காட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பரிசு தரப் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் கக்கூசுக்குப் போனேன். அந்த வீட்டில் அது மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் நிற்கிற அளவில் இருக்கும். சுவரில் ஆணியில் ஒரு கலண்டர் தொங்கும். வருடம் போடாத, கிழமை போடாத, வெறும் திகதிகள் மட்டும் உள்ள கலண்டர். அன்றுதான் அதை நிமிர்ந்து பார்த்தேன். மாதக் கடைசியில், நீல மையில், ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல், என் முழுப்பெயர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். தமிழில் எழுதிய விளம்பரத் துண்டு நிலத்தில் கிடந்தால்கூட அம்மா எடுத்து மேசையில் வைப்பார். எழுத்து என்றால் அது சரஸ்வதி. அப்படி வளர்ந்த பிள்ளையின் பெயரைக் கொண்டுபோய்க் கக்கூஸ் சுவரில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். மை அழியவில்லை. கரைந்து பரவி, அடுத்த வரியில் இருந்த வேறு யாரோ ஒருவரின் பெயரையும் பாதி விழுங்கிவிட்டது.

எனக்குப் பின்னால் அந்த அம்மா உள்ளே போனார். வெளியே வந்து, மன்னித்துக்கொள், ஈரம் பட்டு உன் பெயர் கரைந்துவிட்டது, இப்போதே சரிசெய்கிறேன் என்றார். குசினி லாச்சியை இழுத்துத் திறந்து, தடித்த பேனை ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பவும் உள்ளே போனார். நான் போய்ப் பார்த்தேன். என் பெயர் முன்னையதைவிட இரண்டு மடங்கு கறுப்பாக, இனி எந்தத் தண்ணீருக்கும் அசையாதபடி நின்றது.

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ. இவை என்ர பேரைக் கக்கூசுக்குள்ள எழுதி வைச்சிருக்கினம்."

அப்பா அம்மாவிடம் ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "அழாதை. நான் வாறன். அவையோட ஒண்டும் கதைச்சுப் போடாதை" என்றார்.

உடுப்புகளைப் பைக்குள் திணித்து, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பாதியில் யாராவது வீட்டுக்குப் போனால், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஏற்பாடு அதோடு முடிந்தது, மற்றப் பிள்ளையும் வர முடியாது என்று எங்கள் ஆசிரியை புறப்படும்போதே சொல்லியிருந்தார். அது எனக்கு நன்றாக நினைவிருந்தது. அந்த வீட்டு மகள் வந்து என் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். தலையிடி என்றேன். அவள் போய்த் தன்னுடைய போர்வையைக் கொண்டுவந்து என்னைச் சுற்றிப் போர்த்திவிட்டு, திரும்பவும் பக்கத்தில் அமர்ந்தாள். எனக்கு அவள் மேல் கோபம் கொள்ள முடியவில்லை என்பதே பெரிய கோபமாக இருந்தது.

ஒன்றரை மணி நேரத்தில் அப்பாவின் கார் வந்து நின்றது. அப்பா வேலைக்குப் போகிற சப்பாத்தோடும், கையில் ஒரு பெரிய பெட்டியோடும் இறங்கினார். பெட்டிக்குள் அம்மா அவசர அவசரமாகப் பொரித்த ரோல்ஸ். சண்டைக்குப் போவதென்றாலும் இன்னொருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பது அம்மாவின் கொள்கை. கழற்றத் தேவையில்லை என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அப்பா வாசலில் சப்பாத்தைக் கழற்றினார். கோப்பி வந்தது. பிஸ்கட் பேணி நீண்டது. அப்பா "வேண்டாம்" என்றார். எச்சரிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, பேணி மூடப்பட்டது.

அப்பா எடுத்த எடுப்பில் சண்டை பிடிக்கிறவர் அல்ல. முதலில் காலநிலை பற்றிக் கதைத்தார், பிறகு பாதை பற்றி. அதன் பின் கக்கூஸ் எங்கே என்று கேட்டு எழுந்து போனார். நான் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வெகுநேரம் தண்ணீர் இழுக்கும் சத்தமே கேட்கவில்லை. அந்த வீட்டு அப்பா கதவைப் பார்த்தார், பிறகு மரியாதைக்காக ஜன்னலைப் பார்த்தார்.

வெளியே வந்த அப்பா, "அந்தக் கலண்டரில் இருக்கிறவர்கள் எல்லாம் யார்?" என்று ஜெர்மனில் கேட்டார். குரலில் சூடு இல்லை. விசாரிக்கிற குரல்.

அந்த அம்மா விரல் விட்டு எண்ணிச் சொன்னார். என் பிறந்தநாளுக்கு அடுத்த நாள் பிறந்த தன் அண்ணன், தங்கை, கணவரின் அக்கா, மகள் பிறந்தபோது உதவிய பக்கத்து வீட்டுக்காரி, பள்ளித் தோழிகள் இரண்டு பேர். பிறந்தநாளை மறக்கக்கூடாத ஆட்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். இந்த நாட்டில் எல்லா வீட்டிலும் அது கக்கூசில்தான் தொங்கும். ஏனென்றால் வீட்டில் உள்ள எல்லோரும் ஒவ்வொரு நாளும் தவறாமல் போகிற இடம் அது ஒன்றுதானே! உங்கள் மகளும் இப்போது எங்கள் ஆள், அதனால் எழுதினேன் என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். கரைந்துபோன அடுத்த வரி அந்த அம்மாவின் அண்ணனுடையது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்கத்தில் முகம் சுட்டது. உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த அம்மா எழுந்து போய்க் கலண்டரை ஆணியில் இருந்து கழற்றி வந்து, கோப்பி மேசையில் விரித்து, பேனையையும் எடுத்துக்கொண்டார். "உங்களுடைய பிறந்தநாள் எப்போது?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா திரைச்சீலை இல்லாத ஜன்னலால் தெருவைப் பார்த்தார். பிறகு, "ஓகஸ்ட் பதினொன்று" என்றார்.

அப்பாவின் பிறந்தநாள் மார்ச் மூன்று. ஒவ்வொரு வருடமும் நானும் தம்பியும் கேக் வாங்கி வெட்டுகிற நாள். நான் பதறிப்போய்த் தமிழில் சொன்னேன்:

"அப்பா, உங்கட பிறந்தநாள் மார்ச் எல்லோ?"

"நீ சும்மா இரு பிள்ளை. அவ எழுதட்டும்."

அந்த அம்மா ஓகஸ்ட் பக்கத்தைப் புரட்டி, அப்பாவின் பெயரையும் எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார். அப்பா கலண்டரைத் தன் பக்கம் திருப்பி வாசித்தார். மூட வேண்டாம், மை காயட்டும் என்றார். பிறகு ரோல்ஸ் பெட்டி திறக்கப்பட்டது. அந்த வீட்டு அப்பா ஒன்று சாப்பிட்டுவிட்டு நாகரிகமாக நிறுத்திக்கொண்டார். எங்கள் அப்பா விடவில்லை. நாலு தின்ன வைத்தார்.

போகும்போது என் பையைக் காரில் ஏற்றவில்லை. "நிண்டு முடிச்சுப் போட்டு வா. நல்ல சனம்" என்றார். நான் நின்றேன். மிச்சமிருந்த எட்டு நாளும் சொக்கலேட் தூள் பாண் சாப்பிட்டு, சைக்கிளின் பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு போனேன். கலண்டரை நனைத்தது நான்தான் என்று கடைசி நாள் அந்த அம்மாவிடம் சொன்னேன். தெரியும் என்றார். அவ்வளவுதான். என்னைத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். வசந்தத்தில் அவர் மகள் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கட்டிலில் படுத்து, நூறு வரைக்கும் எண்ணிக் காட்டி, அம்மாவின் கையால் தினமும் ஏழெட்டு இடியப்பம் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஓகஸ்டிலும் ஒல்லாந்தில் இருந்து அப்பாவுக்கு வாழ்த்து மட்டை வந்தது. நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரிப்போம். பிழையான நாளில் வரும் சரியான மட்டை என்று தம்பி அதற்குப் பெயரே வைத்திருந்தான். அப்பா மட்டையைக் கண்ணாடி அலுமாரியில் வைப்பார். அம்மா அந்த நாட்களில் பாயாசம் காய்ச்சுவதை நாங்கள் கவனித்ததே இல்லை. பாயாசம் வந்தால் குடிப்போம், அவ்வளவுதான்.

போன வருடம் அப்பாவின் ஓய்வூதிய அன்ட்ராக் படிவத்தை நிரப்புவதற்காக நான் பழைய கோப்புகளைக் கிளறினேன். யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா எப்போதோ அனுப்பிய அப்பாவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் அடியில் கிடந்தது. பிறந்த திகதி ஓகஸ்ட் பதினொன்று.

பத்திரத்தை அப்பாவிடம் நீட்டினேன். "மார்ச் எண்டது என்னை இங்க அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த கள்ளப் பாஸ்போட்டில இருந்த திகதி" என்றார். "இங்க வந்து இறங்கினவுடன அதையே சொல்லிப் போட்டன். பிறகு மாத்தப் போய் ஏதும் வில்லங்கம் வந்தால்? நீங்கள் சின்னனுகள், பள்ளிக்கூடத்தில போய் வாய்விட்டிடுவியள். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்."

"அப்ப ஏன் அந்த ஒல்லாந்து அன்ரிக்குச் சொன்னனீங்கள்?"

அப்பா பத்திரத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்தார். "இந்தத் திகதியை என்னட்டைக் கேட்ட எல்லாரும் கடதாசி காட்டு எண்டுதான் கேட்டவை. அந்த மனிசி வாழ்த்துச் சொல்லக் கேட்டவ. அவவுக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரேல்லை."

ஒல்லாந்தில் அந்தச் சனிக்கிழமை அப்பாவை வழியனுப்ப நான் கார் வரைக்கும் போயிருந்தேன். அப்பாவின் சொந்தப் பிறந்தநாள் கக்கூஸ் சுவரில் தொங்கக்கூடாது என்பதற்காக அவர் ஒரு பொய்த் திகதியைக் கொடுத்துத் தப்பித்துவிட்டார் என்றே நான் நம்பியிருந்தேன். என் அப்பாவின் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கு ஒரே பெருமையும் புளுகமும். கார்க் கண்ணாடி வழியாகத் தலையை உள்ளே விட்டு, "அப்பா, அவையை நல்லாப் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டியள்" என்றேன்.

அப்பா என் தலையைத் தடவினார். "ஓம் பிள்ளை" என்றார்.