சம்பந்தி வீட்டுக் கண்ணாடிச் சொம்பு

என் மகளைக் கட்டிக்கொடுத்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. கல்யாணம் முடிந்து முதல் தடவையாகச் சேத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ராஜபாளையத்தில் பஸ் மாறும்போது மழை. கால் முழுக்கச் சேறு. பக்கத்து சீட்டுக்காரர் என் காலைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார், அது கிடக்கட்டும்.

சம்பந்தி வீட்டு வாசல்படி ஓரம், ஸ்டூலில், தண்ணீரோடு ஒரு பாத்திரம் இருந்தது. தாமரை மொக்கு மாதிரி அடி பருத்து, இலை நரம்பு போலக் கோடு ஓடி, புறாக் கழுத்து மாதிரி பச்சையும் ஊதாவும் மாறி மாறி மினுங்கியது. வருகிறவர்கள் கால் கழுவ வாசலில் சொம்பு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எடுத்தேன், கழுவினேன்.

சம்பந்தி உள்ளிருந்து ஓடிவந்தார். "ஐயையோ! அது பூ வைக்கிறதுக்குல்லா! வெளிநாட்டுல ஒருத்தன் வாயால ஊதி ஊதிச் செஞ்ச கண்ணாடி!"

அதோடு விட்டிருக்கலாம். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். என்னைவிட இளையவர். அன்றிலிருந்து என்னைக் கண்டாலே, "வாங்க சொம்பு சம்பந்தி!" என் மகள் அடுப்படியில் தலைகுனிந்து நிற்பாள்.

முன்னொரு தடவை தளவாய்புரத்தில் என்னை ஒரு நாய் கடித்தது. எந்தக் காலென்றுகூட இப்போது ஞாபகமில்லை. இந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

போன மாதம் சம்பந்திக்கு மணிவிழா. கலச நீர் ஊற்றும் நேரம் வந்ததும் புரோகிதர், "வயசுல மூத்தவுக மொதல்ல ஊத்துங்க" என்றார். நான்தான் மூத்தவன். நான் கால் கழுவிய நாளிலிருந்து அந்தக் கண்ணாடி கூடத்து ஷோகேஸில்தான் இருந்தது. அதைத் திறந்து எடுத்து, கலச நீர் கலந்த அண்டாவில் முக்கிக்கொண்டு வந்தேன். மனையில் மாலையோடு இருந்த சம்பந்தியின் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன். பாதியில் எழுந்தால் அபசகுனம்.

"சம்பந்தி, அது வேண்டாம்! கை வழுக்கிரப் போவுது!"

"வழுக்கத்தான் செய்யும். இது என்னதுன்னு சபைக்குச் சொல்லுங்க, பத்திரமா எறக்கிருதேன்."

அவர் சபையைச் சுற்றிப் பார்த்தார். நான் ஒரு விரலைத் தளர்த்தினேன்.

"சொம்பு! சொம்புதான் சம்பந்தி!"

"செத்த சத்தமா."

"சொம்பு!"

ஊற்றினேன், அவசரமே இல்லாமல். கடைசிச் சொட்டுவரை அவர் கண் அந்தக் கண்ணாடியிலேயே இருந்தது.

பிறகு அதைக் கழுவி, தண்ணீர் பிடித்து, வாசல்படி ஓரம் அதே ஸ்டூலில் வைத்தேன்.

"ஏட்டி, அப்பாவுக்கு எலை போடு" என்றேன். மகள் பந்தியில் முதல் இலையை எனக்குப் போட்டாள்.