செஞ்சியில் ஒரு என்ஜின் அனலைசர்: நான் எழுதிய விலையும் அது போகும் விலையும்

பழைய கார்களைச் சோதிக்கும் கருவிகளைத் தேடி ஊர் ஊராகப் போய் இந்த வலைப்பதிவில் எழுதுகிறவன் நான். போன ஞாயிறு செஞ்சிக்குப் போனதும் அதற்காகத்தான். “உங்க பதிவப் படிச்சிட்டு ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், வந்து பாருங்க சார்” என்று பத்மா என்பவர் போனில் அழைத்திருந்தார்.

சென்னை கிளாம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்குத் திருவண்ணாமலை பஸ் பிடித்தால் திண்டிவனம் வழியாகப் பத்தரைக்குச் செஞ்சி. கோட்டை ஏறுபவர்கள் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள், வெயில் தாங்காது. நான் ஏறவில்லை. பஸ் நிலையத்திலிருந்து பத்மா சொன்ன இடத்துக்கு ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

பத்மாவும் கணவர் தரணேந்திரனும் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்கள். நடுவில் அந்த அனலைசர்: பழைய பெட்ரோல் என்ஜினின் தீப்பொறியைத் திரையில் அலையாகக் காட்டும், சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. சுவிட்சைப் போட்டதும் பச்சைக் கோடு ஓடியது. எவ்வளவு கொடுத்து வாங்கினீர்கள் என்று கேட்கப் போனேன். ஆனால் “மொதல்ல சாப்டுங்க” என்றார் பத்மா. விலைப் பேச்சை எடுக்காமல் உட்கார்ந்து கத்தரிக்காய்க் குழம்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

கை கழுவியதும் கேட்டார்: “இன்னா விலைக்கு எடுத்துக்கிறீங்க? ஒண்ணர லட்சம் போவும்னு எழுதியிருந்தீங்க. கடைக்குக் கம்ப்ரசர் வாங்க வெச்சிருந்த அறுபதாயிரத்தப் போட்டு வாங்கினேன். ஒரு லட்சம் குடுங்க, போதும்.”

ஒன்றரை லட்சம் என்பது இணையத்தில் யாரோ கேட்டிருந்த விலை. அந்த விலைக்கு ஒன்றுகூட விற்று நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்து கடைசியாகப் போனது, சினிமா செட்டுக்கு எட்டாயிரத்துக்கு. மற்றவை பழைய இரும்பு விலைக்கு. எல்லாவற்றையும் சொன்னேன்.

பத்மா போய் அனலைசரின் சுவிட்சை அணைத்தார். பிறகு, “இவரு வேணாம்னாரு. உங்க பதிவக் காட்டித்தான் ஒத்துக்க வெச்சேன். அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார்.

வெளியே செயின் மாட்டிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன். அறுபதுக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். தரணேந்திரன் நிமிரவில்லை.

“வேணாம் சார். அப்புறம் அறுபதாயிரம் போவுதுன்னு எழுதுவீங்க. அதப் படிச்சிட்டு எவனாவது வாங்குவான்.”

கிளம்பும்போது பத்மா வாசல்வரை வந்தார். “அந்தப் பதிவ அழிச்சிடாதீங்க சார். அழிச்சா நான் இவருகிட்ட பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அதுக்குக் கீழயே உண்மைய எழுதுங்க.”

எழுதிவிட்டேன். இப்படிப்பட்ட கருவி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றுதான்: என்ன விலை கேட்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை.

அந்தப் பெட்டி செஞ்சியில்தான் இருக்கிறது. திரை வேலை செய்கிறது, இரண்டு மீட்டர்கள் செய்யவில்லை. பழைய கார் வைத்திருப்பவர்கள் பின்னூட்டத்தில் கேளுங்கள், பத்மாவின் எண்ணைத் தருகிறேன். விலையை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.