ஏழு நொட்டுக்காகக் கழற்றியவை

நான் இருந்த இடத்தில் இருக்கிற ஆள் இல்லை. கல்லடியில் பதினெட்டு வருடமாகக் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். ஊரில் மிட்வைஃப் என்றால்தான் தெரியும். ஸ்கூட்டரை நிறுத்தினால் எனக்குக் கால் உளையும். ஒரு வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நிறை பார்க்க எழும்பிவிடுவேன். பிள்ளைத்தாச்சிகள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றால் கோபம் வரும். "வாயத் திறந்து சொல்லுங்க புள்ள, எங்க நோகுது? சொன்னாத்தானே தெரியும்" என்று அதட்டுவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இதைச் சொல்லியிருப்பேன்.

என் கணவர் எனக்கு நேரெதிர். பதினாறு வருடம் வளைகுடா நாடொன்றில், பணக்காரர்களின் பாய்ப்படகுகள் கட்டிநிற்கும் துறையில் வேலை செய்தார். கழுவுவது, மினுக்குவது, கயிறு மாற்றுவது, பாய் தைப்பது. பழுது பார்த்த படகைச் சோதிக்க வெளியே கொண்டுபோவதால் ஓட்டவும் நன்றாகப் பழகிக்கொண்டார். ஆனால் ஒருநாளாவது அதில் ஆறுதலாகக் குந்தியிருந்து தேநீர் குடித்ததில்லையாம். அந்த ஆசையை மனதில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். போன வருடம் வேலையை விட்டு வந்ததும், திருகோணமலையில் வெள்ளைக்காரர் ஒருவர் கைவிட்டுப்போன பழைய பாய்ப்படகை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

இருபத்தாறு அடி நீளம். உள்ளே இரண்டு படுக்கை, காஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, தண்ணீர்த் தாங்கி, ஆள் முழங்கையை மடக்கிக்கொண்டு நுழையக்கூடிய ஒரு கக்கூஸ். பந்தயம் ஓடக் கட்டிய படகல்ல அது, குடியும் குடித்தனமுமாக ஊர் ஊராகப் போவதற்குக் கட்டியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவியில் இறக்கிப் பாய்மரத்தை நிமிர்த்தியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. வடக்கே கல்லடிப் பாலம், தெற்கே மண்முனைப் பாலம். இரண்டுக்கும் கீழால் இந்தப் பாய்மரம் போகாது.

"அப்ப இது எங்க போகும்?" என்று கேட்டேன்.

"எங்கேயும் போகத் தேவையில்ல. இவடத்தயே போய் வந்துகொண்டிருக்கும்" என்றார் சந்தோஷமாக.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. உலகம் சுற்றக் கட்டிய படகைக் கொண்டுவந்து இரண்டு பாலத்துக்கு நடுவில் அடைத்துவைத்திருக்கிறாரே என்று நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருக்குக் கூடப்போவேன். அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். நான் போனைப் பார்ப்பேன், கரையைப் பார்ப்பேன், பிறகும் போனைப் பார்ப்பேன்.

எல்லாம் கச்சான் காற்று வரும்வரைதான். ஒரு முன்மத்தியானம் சுடுகாற்று மேற்கிலிருந்து எழும்பி வாவியைச் சுருக்கு விழ அடித்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே கோப்பைகள் ஒன்றோடொன்று மோதின. காலுக்குக் கீழே, படகின் வயிற்றிலிருந்து, ஒரு முனகல் கேட்கத் தொடங்கியது. சுக்கான் பிடியை என்னிடம் தந்து, "பிடிச்சுப் பார்" என்றார். பிடித்தேன். மரக்கட்டைக்குள் யாரோ இருந்து நடுங்குவதுபோல இருந்தது. அந்த நடுக்கம் மணிக்கட்டில் ஏறித் தோள்வரை வந்தது. போனில் வேகம் காட்டும் செயலி கடல் கணக்கில் ஐந்தரை நொட் என்றது.

ஐந்தரை நொட் என்பது சைக்கிளை ஆறுதலாக மிதிக்கிற வேகம். ஸ்கூட்டரில் அறுபதில் போகிறவளுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஸ்கூட்டர் என்னை மட்டும்தான் கொண்டுபோகிறது. இது அடுப்பும் படுக்கையும் தாங்கியும் கோப்பையுமாக ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு ஓடுகிறது. எஞ்சின் இல்லை, எண்ணெய் இல்லை, பிடித்திருப்பது என் கை மட்டும். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னவும் மனம் வரவில்லை. இன்னும் எவ்வளவு ஓடும் என்பதே தலைக்குள் நின்றது.

"ஆறரை. அதுக்கு மேல ஏலா" என்றார். ஓடுகிற படகு முன்னும் பின்னும் அலை கிளப்பும், அந்த இரண்டு அலைக்கும் நடுவில் தானே அகப்பட்டுக்கொள்ளும், இவ்வளவு நீளத்துக்கு இவ்வளவு வேகம்தான் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினார். அதன்பிறகு கச்சான் அடித்த ஒவ்வொரு ஞாயிறும் நானே அவரை எழுப்பிக் கொண்டுபோனேன். ஆறு வந்தது. ஆறும் கொஞ்சமும் வந்தது. ஆறரை ஒரு கண்ணிமைப்புக்கு வந்து போனது. ஏழு வரவில்லை.

அப்போதுதான் வளைகுடாவில் அவர் வேலை செய்த துறையிலிருந்து அழைப்பு வந்தது. இன்னொரு இரண்டு வருடம் வரச்சொல்லிக் கேட்டார்கள். இவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். மகள் கம்பஸுக்குப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் விடிய எழும்பிச் சமைத்து, கூட்டி, கோழிகளைத் திறந்துவிட்டுப் போய்விடுவேன். அவர் எழும்பும்போது செய்வதற்கு ஒரு வேலையும் மிச்சமிருக்காது. ஒருநாள் சீனிப் போத்தல் எங்கே என்று தேடிக்கொண்டு குசினிக்குள் நின்றவரைத் தள்ளிவிட்டு நானே எடுத்துப் போட்டேன். அடுத்த நாள் ஓம் என்று பதில் அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை காலை ரயிலில் கொழும்புக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை மெடிக்கல், மாதம் முடிய விமானம்.

நான் கலண்டரில் மிச்ச நாட்களை எண்ணிப் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "போறதெண்டாப் போங்க. கடைசியா ஒருக்கா ஏழு ஓடிக் காட்டிட்டுப் போங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "இந்தப் போட் ஏழு ஓடினா நான் போகல்ல, போ."

பகிடிக்குத்தான் சொன்னார். ஓடாது என்று தெரிந்துதான் சொன்னார். நான் அந்தச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து படகை வெறுமையாக்கத் தொடங்கினேன். வெயிலில் காயவைக்கிறேன் என்று மெத்தைகளை எடுத்தேன். துருப்பிடிக்குது என்று அடுப்பையும் காஸ் சிலிண்டரையும் இறக்கினேன். தண்ணீர்த் தாங்கியைத் திறந்துவிட்டேன். ஸ்பானரும் குறடும் கிடந்த ஆயுதப் பெட்டி, சட்டி பானை, மிதிபலகை எல்லாம் வீட்டுக்கு வந்தன. படகோடு வந்த சின்ன எஞ்சின் பழுதாகி ஏற்கெனவே கராஜில் கிடந்தது. சனிக்கிழமை அவர் பாஸ்போட்டைப் போட்டோக்கொப்பி எடுக்க டவுனுக்குப் போனபோது, முன் தட்டின் மூடியைத் திறந்து நங்கூரத்தையும் சங்கிலியையும் தூக்கினேன். சங்கிலியை அரிசிச் சாக்கில் கட்டி, நங்கூரத்தை ஸ்கூட்டரில் காலடியில் வைத்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். மூடியைப் பழையபடி மூடினேன். எத்தனையோ வீட்டில் மனைவியின் கருத்தடை மாத்திரையை ஒளித்துவைத்த ஆம்பிளைகளைக் கையும் மெய்யுமாகப் பிடித்த எனக்கு அன்றைக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் வரவில்லை.

ஞாயிறு. கச்சான் காலையிலேயே எழும்பிவிட்டது. தெற்கே மண்முனைப் பக்கம் போய்த் திரும்பிக் கிறுகி, கல்லடியை நோக்கி முகம் வைத்தோம். காற்று இடது பக்கத்துக்குச் சற்றுப் பின்னாலிருந்து வந்தது. படகுக்கு இதைவிடத் தோதான காற்று இல்லை. சுக்கான் என் கையில். அவர் பாய்க் கயிற்றைப் பிடித்திருந்தார்.

"என்ன இண்டைக்கு ஒரு மாதிரி இலேசா எழும்புது?" என்றார்.

"காத்து நல்லம்" என்றேன்.

காத்தான்குடிப் பள்ளிவாசல்களின் கோபுரங்கள் வலப்பக்கம் வரிசையாகக் கடந்துபோயின. ஆறு புள்ளி இரண்டு. நாவற்குடாவில் ஆறு புள்ளி ஆறு. முனகல் இப்போது பாட்டாக உயர்ந்துவிட்டது, பலகை முழுவதும் அதிர்ந்தது. பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிளந்து வெள்ளையாக எழும்பியது. வலது விளிம்பில் தண்ணீர் ஏறி ஓடியது. என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, கத்தினேனா சிரித்தேனா தெரியாது. ஆறு புள்ளி எட்டு. முன்னால் பழைய இரும்புப் பாலமும் அதற்குப் பக்கத்தில் புதிய பாலமும் பெரிதாகிக்கொண்டு வந்தன.

"கிறுக்குகா, திருப்பு, பாலம் வருது" என்றார்.

"ஒரு நிமிஷம்."

"கிறுக்கு!"

"ஒரே ஒரு நிமிஷம் இருங்க!"

ஒரு பெரிய வீச்சு பாயில் விழுந்தது. படகு தன் அலையின் மேலே ஏறிக்கொண்டதை என் அடிவயிற்றில் உணர்ந்தேன். ஏழு. பிறகு ஏழு புள்ளி ஒன்று. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் நான் கொழும்பையும் நினைக்கவில்லை, இவரையும் நினைக்கவில்லை. எட்டு வராதா என்றுதான் நினைத்தேன்.

அவர் என்னைத் தள்ளிவிட்டுச் சுக்கானைப் பிடுங்கி ஓங்கித் திருப்பினார். படகு காற்றுக்கு நேரே முகத்தைத் திருப்பி நின்றது, பாய் படபடவென்று அடித்தது. எஞ்சின் இல்லாதபோது நாங்கள் நிறுத்துவது இப்படித்தான். காற்றுக்கு எதிரே திருப்புவார், நான் முன்னால் ஓடி நங்கூரத்தைப் போடுவேன். பழக்கத்தில் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன். உள்ளே கொஞ்சம் துருத் தண்ணீர் மட்டும் இருந்தது.

"நங்கூரத்தப் போடு!"

நான் குனிந்தபடியே நின்றேன்.

"போடுகா! என்ன பாக்கிறா?"

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு விளங்கிவிட்டது. படகு பின்னால் நழுவி, பாயில் மறுபடி காற்று பிடித்து, பாலத்தின் கல்லடிப் பக்க மூலையை நோக்கிப் போகத் தொடங்கியது. பாலத்தில் போன பஸ்ஸின் நம்பர் எனக்குத் தெரிந்தது. பாய்மரம் முறிந்து எங்கள் இரண்டு பேரின் தலையிலும் விழப்போகிறது என்று நினைத்தேன். இனி நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் அவர் படகை வலப்பக்கம் வெட்டி, கரையோரச் சேற்றுக்குள் நேராகவே விட்டார். ஒரு பெரிய இழுப்பு. நான் முகம் குப்புற விழுந்தேன். பிறகு ஒன்றும் அசையவில்லை.

வலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் தோணியைக் கம்பால் தாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் நிறை பார்த்தேன்.

"என்ன மிஸ், கப்பலை இங்கயே கட்டுறதா முடிவோ?"

"விசர்க் கதை கதைக்காம நாலு பேரக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றேன்.

"வாறன், வாறன். இனி இது எங்க போகப்போகுது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நாங்கள் தனித்தோம். படகு ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அவர் உள்ளே குனிந்து ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தார். தாங்கியைத் தட்டினார், வெறும் சத்தம் வந்தது. வெளியே வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"ஏழு ஓடிட்டு" என்று போனைக் காட்டினேன். "ஏழு புள்ளி ஒண்டு. நீங்க சொன்ன சொல்லு."

"இது போட் இல்லகா. வெறுங்கோது. கோது ஓடின ஓட்டத்தக் கணக்கில எடுக்க ஏலா." சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருக்கும். "சாகப் பாத்தம். ஏன் இப்பிடிச் செய்த நீ?"

"ஏனெண்டு தெரியாதா?"

"தெரியா."

"நீங்க போறது எனக்கு விருப்பமில்ல!" என்று கத்தினேன். தோணிக்காரருக்கும் கேட்டிருக்கும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினாறு வருஷத்தில ஒருநாள் இதச் சொன்னயா? ஒவ்வொரு முறையும் பேக்க அடுக்கித் தந்தது நீ. எயார்போட்டில முதல்ல கிறுகிப் போறதும் நீதான். இப்ப வீட்டில ஒரு கோப்பை கழுவவும் நான் தேவையில்ல. இவளுக்கு நான் இருந்தாலும் ஒண்டுதான், போனாலும் ஒண்டுதான் எண்டுதானே நான் ஓம் போட்டன்."

எயார்போட்டில் முதலில் திரும்பியது அழுகையை அவர் பார்க்கக்கூடாது என்றுதான். அதையும் அவரிடம் சொன்னதில்லை.

"ஊர்ப் பொம்புளையளுக்கெல்லாம் வாயத் திறந்து சொல்லு எண்டு படிப்பிக்கிறா" என்றார்.

கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்ததில்லை என்று நினைக்கிறேன். பிறகு சொன்னேன். கத்தாமல், முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"போகாதீங்க. நீங்க இல்லாம எனக்கு ஏலா."

அவர் காலில் தெறித்து அப்பியிருந்த சேற்றை விரலால் வழித்து வெளியே எறிந்தார். தூரத்தில் தோணிக்காரர் ஆட்களோடு வருவது தெரிந்தது.

"நங்கூரம் எங்க?"

"கோழிக்கூட்டுக்குப் பின்னால."

"சங்கிலி?"

"அரிசிச் சாக்குக்குள்ள."

சிரிப்பை அடக்கிக்கொண்டு மூக்கைத் துடைத்தார். "நாளைக்குக் காலமை ரெண்டு பேருமாத் தூக்கி வந்து ஏத்துவம். நீ தனியத் தூக்காத."

"நாளைக்குத் திங்கள், காலமை ரயில்" என்றேன்.

"ஓம், தெரியும்" என்றார்.